பதினோரு குழுக்களும் ஒரு தரைத்தள அறையும்

நிறுவனத்திலிருந்து வந்த பணி நியமனக் கடிதம் பதினான்கு பக்கம் இருந்தது. அதில் வேலையைப் பற்றி அரைப் பக்கம். மீதிப் பதின்மூன்றரைப் பக்கமும் அந்த வேலையைக் கொடுக்க நிறுவனம் எவ்வளவு பெரிய மனது பண்ணியிருக்கிறது என்பதைப் பற்றி.

கடிதம் வந்தது மூன்றாம் தேதி, தராசின் பெயருக்கு, அவளுடைய அக்காவின் பழைய மரச்சாமான் கடை விலாசத்துக்கு. தராசு என்பது கூடப் படித்தவர்கள் வைத்த பட்டப்பெயர். வைத்தவர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். பெயர் மட்டும் போகாமல் அவளோடு தங்கிவிட்டது. இப்போது அக்காவே அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

பெயருக்குக் காரணம் கடையின் பின்கட்டில் ஒரு கருங்கல் பலகையின் மேல் உட்கார்ந்திருந்தது. ஆறு வருஷம் தராசு தன் கையாலேயே செய்த கருவி. முடியைவிட மெல்லிய கண்ணாடி இழை ஒன்று, அதில் தொங்கும் மிளகளவு கண்ணாடி, சுவரில் ஓர் அளவுகோல், அதன் மேல் ஊர்ந்து போகும் ஓர் ஒளிக்கோடு. ஒரே ஒரு மகரந்தத் துகளை அது எடை போடும். மழை பொய்த்த வருஷத்தில் பயிரின் மகரந்தம் எவ்வளவு இளைத்துப் போகிறது என்று பூக்கும்போதே சொல்லிவிடலாம். அறுவடை வரை காத்திருந்து தலையில் கை வைக்க வேண்டியதில்லை. கருவிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அசையாத தரை. பக்கத்துத் தெருவில் லாரி போனாலும் ஒளிக்கோடு துள்ளும்.

அவள் வேலை பார்த்த ஆய்வகத்தின் தற்காலிகப் பணி இரண்டு மாதத்துக்கு முன்பே முடிந்துபோனது. கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் முப்பதாம் தேதி பின்கட்டை இடிக்கப் போகிறார். வேறெந்த இடத்திலிருந்தும் கடிதம் வரவில்லை. முப்பதாம் தேதிக்குள் ஒரு நல்ல தரை கிடைக்காவிட்டால் ஆறு வருஷ உழைப்பைப் பிரித்துப் பெட்டியில் கட்ட வேண்டியதுதான். அந்த இழையை ஒருமுறை கழற்றினால் திரும்பப் பூட்ட முடியாது.

அக்கா ஒரு பழைய பீரோவின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே கேட்டாள். "என்னடி எழுதியிருக்கான்?"

"வேலை குடுத்திருக்காங்க."

"அதுக்கா இவ்வளவு காகிதம்? கல்யாணப் பத்திரிகைகூட ரெண்டு பக்கம்தான்."

கடைசியில் ஒரு படிவம் இணைத்திருந்தார்கள். மகிழ்ச்சிப் படிவம் என்று பெயர். நியமனம் கிடைத்தவர் ஏழு நாளுக்குள் தன் மகிழ்ச்சியைத் தெரிவிக்க வேண்டும். மூன்று கட்டங்கள் இருந்தன: மிக்க மகிழ்ச்சி, அளவற்ற மகிழ்ச்சி, சொல்லில் அடங்காத மகிழ்ச்சி. மூன்றாவதைத் தேர்ந்தெடுப்பவர்கள் அதை அரைப் பக்கத்துக்குக் குறையாமல் சொல்லால் விவரிக்க வேண்டும்.

தராசு முதல் கட்டத்தில் குறியிட்டாள். கீழே இடமில்லாததால் தனித்தாளில், திருத்தமாக எண் போட்டு எழுதினாள்: ஒன்று, எனக்கு ஒதுக்கியுள்ள 4-17ஆம் எண் அறை எந்தத் தளத்தில் உள்ளது? இரண்டு, அது மாடியில் என்றால் தரைத்தளத்தில் ஓர் அறை தர இயலுமா? மூன்று, அறையில் தண்ணீர்க் குழாய் உண்டா?

பத்தாம் தேதி பதில் வந்தது. ஒரே வரி. "தங்கள் மகிழ்ச்சி பெற்றுக்கொள்ளப்பட்டது."

"கேள்வி?" என்றாள் அக்கா.

"கேள்வியைப் பத்தி ஒண்ணும் இல்ல."

"அப்ப நேர்ல போ. கட்டில் வாங்க வர்றவன் கடிதாசியா போடுறான்? வந்து ஆட்டிப் பாக்குறான்ல?"

பன்னிரண்டாம் தேதி தராசு ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

4-17 நான்காவது மாடியில்தான் இருந்தது. அழைத்துப் போன மூத்த எழுத்தர் முப்பத்தொரு வருஷம் அங்கே கோப்பு சுமந்தவர்; கதவைத் திறந்துவிட்டு, எதையும் பார்க்காதவர்போல் கூரையைப் பார்த்தார். தராசு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்தாள். தண்ணீர் சற்று நேரம் சும்மா இருந்தது. பிறகு சுவருக்குப் பின்னால் எதுவோ உறுமியது. கிண்ணத்தில் வட்டம் வட்டமாக அலை எழும்பி விளிம்பில் தளும்பியது.

"அந்தப் பக்கம் என்னங்க?"

"லிஃப்ட் மோட்டாருங்க மேடம்."

"லிஃப்ட் அடிக்கடி ஓடுமா?"

"ஓடாது மேடம்." எழுத்தர் யோசித்தார். "சார் ஏறினா ஓடும். சார் இறங்கினா ஓடும். சார் ஒரு இடத்துல நிக்க மாட்டார்."

சார் என்றால் இயக்குநர். அவருடைய அறையில் அவரே பலரோடு கை குலுக்கும் புகைப்படங்கள் சுவர் முழுக்க இருந்தன. தராசு கிண்ணத்தில் கண்டதைச் சொன்னாள். அந்த அறையில் கருவியை வைத்தால் ஒரு மகரந்தத் துகள் பூசணிக்காயின் எடையைக் காட்டும் என்றாள்.

இயக்குநர் முகம் மலர்ந்தது. "நல்லதுதானே? பெரிய எண்ணா வருது. சின்னச் சின்ன எண்ணை வெச்சுக்கிட்டுத்தான் நம்ம ஆட்கள் மேடையில திணர்றாங்க."

"அது தப்பான எண் சார்."

"தப்பு சரியெல்லாம் பிற்பாடு ஆய்வுக் குழு பாத்துக்கும்மா. நீ எண்ணைக் குடு."

"எனக்குத் தரைத்தளத்துல ஒரு அறை வேணும் சார்."

இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார். பிள்ளை சபையில் கெட்ட வார்த்தை பேசிவிட்டது போன்ற வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது.

"இதோ பாரும்மா. இது ஒரு அறிவுக் குடும்பம். குடும்பத்துல யாராவது, எனக்கு இது வேணும், அது வேணும்னு கேப்பாங்களா?"

"எங்க வீட்ல கேப்போம் சார்."

"இங்க கேக்குறதில்ல. நான் சேரும்போது என்ன கேட்டேன் தெரியுமா? ஒண்ணும் கேக்கல. அதனாலதான் அறிவியல்ல எனக்கு ஒண்ணும் பண்ண முடியல, நிர்வாகத்துக்கு வந்தேன். இன்னைக்குப் பார், இயக்குநர்! கேக்காம இருந்தா எவ்வளவு உயரலாம்னு நானே அத்தாட்சி." அவர் குரலைத் தணித்தார். "ஆனா நாங்க கல்நெஞ்சக்காரங்க இல்ல. ஈடு விதின்னு ஒண்ணு வெச்சிருக்கோம். உனக்கு எது வேணுமோ கேளு. அதுக்கு ஈடா, நாங்க உனக்குக் குடுத்ததுல எதையாவது விட்டுக் குடு. நிறுவனத்துக்கும் நஷ்டமில்ல, உனக்கும் மனநிறைவு."

"தரைத்தளத்துல அறை காலியா இருக்கா சார்?"

"ஒண்ணு இருக்கு. வருகை அறை. ஆனா அது காலி இல்ல."

"யார் இருக்காங்க?"

"பெரியவர்."

பெரியவர் என்பவர் மிக மிக முக்கியமானவர் என்றும், என்றைக்கு வேண்டுமானாலும் நிறுவனத்துக்கு வரக்கூடும் என்றும், வந்தால் உட்கார ஓர் அறை வேண்டாமா என்றும் இயக்குநர் விளக்கினார். இருபத்திரண்டு வருஷமாக அவர் வரவில்லை. போகும் வழியில் தராசு அந்த அறையை எட்டிப் பார்த்தாள். பாறை மேல் போட்ட கான்கிரீட் தரை. நெகிழித்தாள் பிரிக்காத ஒரு நீளச் சோபா. முக்காலியில் மூடி போட்ட தம்ளரில் தண்ணீர். அதைத் தினம் காலையில் மாற்றுவதற்கென்றே ஓர் ஊழியர் இருந்தார். அந்த வேலைக்கு அவர் வந்த பிறகு இது இரண்டாவது தம்ளராம். தராசு தம்ளரையே ஐந்து நிமிஷம் பார்த்தாள். மேலே லிஃப்ட் உறுமியது. தம்ளரில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

அப்படி ஒரு தரை.

அக்கா சொல்லியனுப்பிய தந்திரம் ஒன்று பாக்கி இருந்தது. "விலை படியலைன்னா, வேண்டாம்னு சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காம நட. தெருமுனை தாண்டுறதுக்குள்ள கூப்பிட்டுருவான்." தராசு திரும்பப் போய், "அப்படின்னா எனக்கு வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். படி இறங்கினாள். முற்றம் கடந்தாள். யாரும் கூப்பிடவில்லை. வாசலில் காவலர் கை நீட்டினார்.

"வெளியேறும் சீட்டு?"

"என்கிட்ட இல்லீங்களே."

"ஊழியருக்குத்தான் அந்தச் சீட்டு. நீங்க ஊழியரா?"

"இன்னும் சேரலை."

"அப்ப பார்வையாளர் சீட்டு?"

"தரலை."

காவலர் தன் பேரேட்டைப் புரட்டினார். "உங்களை 'மகிழ்ச்சி தெரிவித்தவர்'னு உள்ள விட்டிருக்கு. அந்த வகைக்கு உள்ள வர வழி இருக்கு மேடம், வெளிய போக வழி போடல."

"அப்ப நான் எப்பத்தான் வீட்டுக்குப் போறது?"

"வேலைல சேர்ந்தீங்கன்னா அஞ்சரைக்குப் போயிடலாம்."

தராசு வாசல் பக்கத்துத் தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்தாள். செய்ய ஒன்றும் இல்லாததால் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து, இதுவரை யாரும் படித்திராத அந்தப் பதின்மூன்றரைப் பக்கத்தைப் படிக்கத் தொடங்கினாள்.

ஒன்பதாவது பக்கத்தில் இருக்கும்போது ஓர் அம்மாள் வாளியோடு வந்தாள். வேதியியல் பேராசிரியை. பதினெட்டு வருஷ அனுபவம். வாளியை வாசல் குழாயின் கீழ் வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க ஆய்வகத்துல தண்ணி வரலீங்களா?"

"குழாயே இல்லம்மா. சேரும்போது புகைபோக்கி கேட்டேன். ஈடா குழாயை எழுதிக் குடுத்தேன்."

"வேதியியலுக்குக் குழாய் வேணுமே!"

"புகைபோக்கியும் வேணுமே." அம்மாளுக்குத் தன்மேலேயே சிரிப்பு வந்தது. "நான் பரவாயில்ல. உயிரியல்காரர் குளிர்பெட்டிக்காக நாற்காலியைக் குடுத்துட்டார். பதினோரு வருஷமா நிக்கிறார். வானியல்காரரைக் கேட்டா நீ அழுதுடுவ. மாடியில கூண்டு மாதிரி ஒரு குவிமாடம் கேட்டார். குடுத்தாங்க."

"நல்லதுதானே?"

"ஈடா தொலைநோக்கியைக் குடுத்தார்."

தராசு கடிதத்தை மடியில் போட்டாள். "இதையெல்லாம் யாரும் எதிர்த்துக் கேக்கலையா?"

"எதிர்த்துக் கேக்கவும் ஈடு வெக்கணும்னு சொல்லிடுவாங்களோன்னு பயம்தான்." வாளி நிரம்பிவிட்டது. "நீ ஏன் இங்க குந்தியிருக்க?"

தராசு சொன்னாள். அம்மாள் அலுத்துக்கொண்டாள். "இந்தக் கூத்து வேறயா? இந்தா, வாளியைப் பிடி. வாளியோட போறவங்களை அவன் நிறுத்த மாட்டான். எத்தனை வருஷமாப் பாக்குறான்!"

அப்படியே ஆயிற்று. தராசு வாளியை வெளியே கொண்டுபோய், வேலிக் கம்பிக்கு மேலே அம்மாளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். பாதித் தண்ணீர் அவள் செருப்பில் இருந்தது.

ஆனால் பன்னிரண்டாவது பக்கத்தை அவள் படித்துவிட்டிருந்தாள்.

தராசு எழுதிப் போட்ட மனுவின் பேரில் இருபதாம் தேதி ஈட்டுக் குழு கூடியது. தலைவர் வானியல் பேராசிரியர்; பழைய சட்டையை நன்றாகத் தேய்த்துப் போட்ட, தலை நரைத்த மனிதர். அவருக்கு வலது பக்கம் இயக்குநர். மூன்றாவது உறுப்பினரான உயிரியல் பேராசிரியர் சுவரில் சாய்ந்து நின்றார். மூத்த எழுத்தர் பதிவேட்டைத் திறந்தார். வேடிக்கை பார்க்க என்று சொல்லாமல், விளக்கைச் சரிபார்ப்பதுபோல் வேதியியல் அம்மாள் கதவோரம் வந்து நின்றாள்.

"கேட்பது?" என்றார் தலைவர்.

"தரைத்தள வருகை அறை. ஒரு தண்ணீர்க் குழாய்."

குழுவில் மூச்சு நின்றது.

"இரு, இரு," என்றார் இயக்குநர். "தப்பா நினைக்காதம்மா, கேக்குறதுக்கு ஒரு அளவு இருக்கு. பெரியவர் வந்தா எங்க உக்காருவார்?"

"நாலாவது மாடியில 4-17 இருக்கே சார். அதையும் விட்டுத் தர்றேன். லிஃப்ட்டுக்குப் பக்கத்துலதான்."

தலைவர் தொண்டையைச் செருமினார். அவர் கெட்டவர் இல்லை. கேட்பவர்களுக்கு எதை விட்டுக்கொடுக்கலாம் என்று வழி சொல்வதைத் தன் கடமையாகவே நினைத்திருந்தார். "ஜன்னலை விட்டுக் குடுக்கலாமே?"

"வருகை அறைக்கு ஜன்னலே இல்ல சார்."

"நாற்காலி? நின்னுக்கிட்டே வேலை பாத்தா உடம்புக்கு நல்லதுங்கிறாங்க." இதைச் சொல்லிவிட்டு அவர் உயிரியல் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார்.

"நான் ஒரு வழி சொல்றேன்," என்றார் இயக்குநர். "ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவல்ல? அதுல உன் பேரை விட்டுடு. நிறுவனத்தோட பேர், என் பேர், அவ்வளவு போதும். பேருக்காகவா உழைக்கிறோம்?"

எழுத்தர் பதிவேட்டில் விரலை ஓட்டினார். "அது போதாதுங்க சார்."

"ஏன் போதாது?"

"மதிப்புப் பட்டியல்ல, கட்டுரையில சொந்தப் பேருக்கு மதிப்பு ஒண்ணுதான் போட்டிருக்கு. வருகை அறைக்கு எண்பது."

தராசு எழுந்தாள். அவள் கையில் கடிதம் இருந்தது. "அந்தப் பட்டியல் பன்னிரண்டாம் பக்கத்துல இருக்கு சார். நான் வாசிக்கட்டுமா?"

அந்தப் பக்கத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நிறுவனம் தான் தருவது ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு குறித்திருந்தது. நாற்காலி இரண்டு. கதவு மூன்று. தண்ணீர்க் குழாய் நான்கு. சம்பளம் ஐந்து. தொலைநோக்கி பன்னிரண்டு. ஆனால் நிறுவனம் மிகவும் பெருமைப்பட்டது வேறு ஒன்றைப் பற்றி. அது ஒவ்வொரு பேராசிரியருக்கும் அளிக்கும் குழு உறுப்பினர் பதவிகள். ஒரு குழுவின் மதிப்பு ஒன்பது. இதை எழுதியபோது, யாராவது ஒருவர் ஒருநாள் கூட்டிப் பார்ப்பார் என்று எவரும் நினைக்கவில்லை.

"எனக்குப் பதினோரு குழு குடுத்திருக்கீங்க," என்றாள் தராசு. "வரவேற்புக் குழு. வழியனுப்புக் குழு. மேடைப் பூச்சாடிக் குழு. நாற்காலி வரிசைக் குழு. பெயர்ப்பலகைக் குழு. பெயர்ப்பலகை மேற்பார்வைக் குழு..."

"அது முக்கியமான குழு," என்றார் இயக்குநர்.

"...கைதட்டல் ஒழுங்குக் குழு. குழுக்களைக் குறைக்கும் குழு, முதல் பிரிவு. அதே குழு, ரெண்டாம் பிரிவு. அறிவியல் மனப்பான்மைக் குழு, இது இதுவரைக்கும் கூடல. கடைசியா, மற்றவை. பதினோரு ஒன்பது தொண்ணூத்தொம்பது. எல்லாத்தையும் விட்டுத் தர்றேன்."

லிஃப்ட் ஓடாத நேரத்தில் அந்தக் கட்டடம் எவ்வளவு அமைதியானது என்று அப்போதுதான் தெரிந்தது.

"அதெல்லாம் கௌரவம்மா!" இயக்குநரின் குரல் உடைந்தது. "கௌரவத்தை யாராவது விட்டுக் குடுப்பாங்களா? கைதட்டல் குழுவுல எடுத்த உடனே இடம் கிடைக்காம ஏங்கினவங்க இருக்காங்க. நானே ஆறு வருஷம் காத்திருந்தேன்!"

"அதனாலதான் சார் அதுக்கு மதிப்பு ஜாஸ்தி. இல்லன்னா சம்பளத்தைவிட நாலு ஏன் கூடப் போட்டிருப்பீங்க?"

"விதியில தடை எதுவும் இல்லீங்களே," என்றார் எழுத்தர், பதிவேட்டைவிட்டுத் தலை தூக்காமல். "'வழங்கப்பட்டவற்றுள் எதையும்'னுதான் எழுதியிருக்கு. சாரே எழுதினது."

"நான் எழுதும்போது இந்தப் பொண்ணு இல்லையே!"

"தொண்ணூத்தொம்பதுல அறை எண்பது போக," என்று தராசு கணக்கைத் தொடர்ந்தாள், "குழாய் நாலு போக, எனக்கு மீதி பதினஞ்சு வரணும். அதுல ஒரு நாற்காலி எடுத்துக்கிறேன். சார், நீங்க உக்காருங்க."

உயிரியல் பேராசிரியருக்குத் தன்னைத்தான் சொல்கிறாள் என்று உடனே விளங்கவில்லை. எழுத்தர் எழுந்து தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். பதினோரு வருஷம் கழித்து அந்த மனிதர் உட்கார்ந்தார். உட்காரும் முறையே மறந்துபோய், ஓரத்தில் உட்கார்ந்து ஒருமுறை சறுக்கினார்.

"பதிமூணு. வேதியியல் அம்மாவுக்கு ஒரு குழாய். ஒன்பது."

கதவோரத்தில் விளக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்த அம்மாள், "அடிப் பாவி!" என்றாள். அது திட்டு இல்லை.

தராசு தலைவர் பக்கம் திரும்பினாள். "தொலைநோக்கிக்குப் பன்னிரண்டு சார். என்கிட்ட ஒன்பதுதான் இருக்கு. மூணு குறையுது. மன்னிச்சுக்குங்க."

வானியல் பேராசிரியர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய குவிமாடம் மிக அழகாகத் திறக்கும் என்று ஊரே சொல்லும். பதினாறு வருஷமாக அவர் அதைத் திறந்து, வெறும் கண்ணால் ஒரு பார்வை பார்த்து, மூடிவந்திருக்கிறார்.

"எழுத்தரே," என்றார் மெதுவாக. "என் பேர்ல எத்தனை குழு இருக்கு?"

"இருபத்துமூணு சார்."

"மூணுதானே குறையுது?"

"ஆமா சார்."

"முதல்ல இந்தம்மாவோட மனுவை அனுமதிச்சுக் கையெழுத்துப் போடுறேன். போட்டாச்சு. இப்ப எழுதுங்க. இந்த ஈட்டுக் குழுவோட தலைவர் பதவியை விட்டுக் குடுக்குறேன்."

"ஐயா!" என்று இயக்குநர் எழுந்தார். "நீங்க மூத்தவர்! இந்த நிறுவனத்தோட தூண்!"

"தூணா நின்னது போதும் சார். என் தொலைநோக்கி எந்தக் கிடங்குல கிடக்குன்னு சொல்லுங்க."

மறுநாள் காலை எழுத்தரின் மேசைக்கு முன்னால் வரிசை நின்றது. இயற்பியலார் இருவர் தங்கள் கதவுகளுக்காக வந்திருந்தார்கள். கணிதப் பேராசிரியர் ஒருவர் கரும்பலகை கேட்டார்; எதற்கு ஈடாக அதை முன்பு கொடுத்தார் என்பது அவருக்கே நினைவில்லை. ஒருவர் தன் மதிய உணவு இடைவேளையைத் திரும்ப வாங்கிப் போனார். சாயங்காலம் நாலரை மணிக்கெல்லாம் நிறுவனத்தின் அறுபத்திரண்டு குழுக்களிலும் இருந்த ஒரே உறுப்பினர் இயக்குநர்தான். விதிப்படி அவர் வரவேற்புக் குழுவாகக் கூடித் தன்னை வரவேற்று, வழியனுப்புக் குழுவாகக் கூடித் தன்னை வழியனுப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. இடையில் கைதட்டினார் என்றும் சொல்கிறார்கள். அதற்குச் சாட்சி இல்லை.

இருபத்தேழாம் தேதி அவர் தராசைக் கூப்பிட்டனுப்பினார்.

"அறை உனக்குத்தான். விதி விதிதான். ஆனா சாவி என்கிட்ட இருக்கு. ஒரே ஒரு சின்ன விஷயம். நன்றிக் கடிதம்." ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். எல்லாம் முன்பே அச்சடித்திருந்தது: 'இயக்குநர் அவர்கள் தம் கருணையினால், எனது தகுதிக்கு மீறி, மனமுவந்து வழங்கிய அறையை...' "கீழ கையெழுத்து மட்டும் போடு."

"நீங்க மனசு உவந்து குடுக்கலையே சார்."

"அதைப் பத்தி உனக்கென்னம்மா? காகிதம்தானே?"

"காகிதம்தானேன்னா அதை ஏன் சார் கேக்குறீங்க?"

"மரபு! முப்பது வருஷமா இங்க நன்றி சொல்லாம யாரும் ஒரு ஆணி வாங்கினதில்ல. தண்ணிக் குழாயைப் பறிகொடுத்தவங்ககூட நன்றி எழுதிட்டுத்தான் போனாங்க. நாளைக்கு வர்றவன் உன் கோப்பைப் பாத்தா என்ன நினைப்பான்? கேட்டா கிடைக்கும்னு நினைக்க மாட்டானா? அப்புறம் இந்த நிறுவனம் எப்படி நடக்கும்?"

அவர் அப்படி வெளிப்படையாகச் சொல்லிவிடுவார் என்று தராசு எதிர்பார்க்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. உடனே ஒரு புகைப்படத்தை நேராக்கினார்.

முப்பதாம் தேதிக்கு மூன்றே நாள். பின்கட்டை இடித்தால் கருவியின் இழையும் போய்விடும். கையெழுத்துப் போட்டால் அந்த நிமிஷமே சாவி. ஒரு வரி. அவள் பேனாவை எடுத்தாள். அச்சடித்த தாளைத் திருப்பினாள். அதன் பின்பக்கத்தில் இப்படி எழுதினாள்:

'ஐயா, ஒன்று: நான் பதினோரு குழுக்களைக் கொடுத்தேன். இரண்டு: ஓர் அறையும் குழாயும், ஒரு நாற்காலியும், இன்னொரு குழாயும், தொலைநோக்கியில் முக்கால் பங்கும் பெற்றுக்கொண்டேன். மூன்று: கொடுக்கல் வாங்கல் நேரானது. நான்கு: நன்றி சொல்வதற்கு இதில் எதுவும் மிச்சமில்லை. தேதி இருபத்தேழு.'

"இப்படி எழுதினா சாவி வராது," என்றார் இயக்குநர்.

"சரி சார்," என்றாள் தராசு.

வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னபோது அக்கா முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு கையெழுத்துடி! நான் கடையில தினம் நாலு பேருக்குக் கும்பிடு போடுறேன். குறைஞ்சா போயிட்டேன்?"

"நீ போடுற கும்பிடுக்கு அவங்க பீரோ வாங்குறாங்க. இவர் கும்பிடு மட்டும்தான் கேக்குறார். நாளைக்கு என் கோப்பைக் காட்டி இன்னொருத்திக்கிட்ட இதையே வாங்குவார்."

அக்கா பீரோவைத் துடைத்தாள். பிறகு, "பூட்டு என்ன மாதிரிப் பூட்டு?" என்றாள்.

"ஏன்?"

"சும்மா கேட்டேன்."

இருபத்தொன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு அக்காவின் சாமான் வண்டி நிறுவன வாசலில் நின்றது. முன்னிருக்கையில் அக்கா ஒரு மெத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெத்தைக்குள் கருவி இருந்தது. கருங்கல் பலகைக்குப் பக்கத்தில் கடையின் சுமை தூக்குபவர்கள் இருவர். வழியெல்லாம் வண்டி நடை வேகத்தில்தான் வந்தது. பின்னால் வந்தவர்கள் திட்டிய திட்டுக்கெல்லாம் அக்கா சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"சீட்டு?" என்றார் காவலர்.

"பழைய சாமான் எடுக்க வந்திருக்கோம்," என்றாள் அக்கா.

காவலர் பேரேட்டைப் பார்த்தார். பழைய சாமான் அகற்றும் வண்டிக்கு நிரந்தர அனுமதி இருந்தது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வண்டி வந்ததே இல்லை. அவர் சல்யூட் அடித்துக் கதவைத் திறந்தார்.

வருகை அறை பூட்டியிருக்கவில்லை. தண்ணீர் மாற்றும் ஊழியர் தன்னிடமிருந்த இன்னொரு சாவியால் எப்போதும்போல் எட்டு மணிக்கே திறந்திருந்தார். சாவி ஒன்றுதான் என்று இயக்குநர் நினைத்திருந்தார். தண்ணீர் எப்படி மாறுகிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் செய்தி அவருக்கு எட்டிவிட்டது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் உள்ளே, சோபாவின் நட்டநடுவில், இரண்டு கையையும் விரித்து உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அதில் உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான். அசையும்போதெல்லாம் நெகிழித்தாள் சரசரத்தது.

"இந்தச் சோபா பெரியவருடையது," என்றார். "நான் எழுந்திருக்க மாட்டேன். எழுந்திருக்காத வரைக்கும் இது வருகை அறை. நன்றிக் கடிதத்தைக் குடு, எழுந்திரிக்கிறேன்."

வேதியியல் அம்மாள் வந்தாள். உயிரியல்காரர் வந்தார், தன் நாற்காலியோடு. அதைவிட்டு அவர் பிரிவதில்லை. வானியல்காரர் கைகளில் தொலைநோக்கித் தூசியோடு வந்தார். கூடம் நிறைந்தது.

அக்கா சோபாவை ஒருமுறை சுற்றி வந்தாள். குனிந்து கால்களைத் தட்டிப் பார்த்தாள். கைப்பிடியை ஆட்டினாள்.

"நல்ல மரம். இணைப்பு ஒண்ணும் அசையல. தூக்கினா தாங்கும்." எழுத்தரைப் பார்த்துக் கேட்டாள். "ஏங்க, இந்தச் சோபா இந்த அறையோட சேத்தியா, இல்ல பெரியவரோட சேத்தியா?"

எழுத்தர் பதிவேட்டைப் பார்த்தார். "பெரியவரோட சேத்தி. அவர் அறை எதுவோ அங்க இருக்கணும். இப்ப அவர் அறை 4-17ங்க."

"லிஃப்ட்ல போகுமா?"

"நீளம் ஜாஸ்திங்க. படியிலதான் போகணும்."

சுமை தூக்குபவர்கள் துண்டைச் சும்மாடு கட்டினார்கள். அவர்களுக்குப் பீரோவில் துணி இருந்தாலும் சோபாவில் ஆள் இருந்தாலும் ஒன்றுதான். ஒருவர் தலைமாட்டைப் பிடித்தார், மற்றவர் கால்மாட்டைப் பிடித்தார், "ஏலே தூக்கு" என்றார்கள், இயக்குநர் உயர்ந்தார்.

"இறக்கு! இது நிறுவனத்துக்கு அவமானம்! யார் அனுமதி குடுத்தா?"

"நீங்க எழுந்திரிச்சா வெயிட்டு குறையும் சார்," என்றார் பின்னால் பிடித்தவர் மரியாதையாக.

இயக்குநர் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் தோற்றதாகிவிடும். முதல் மாடி திருப்பத்தில் அவர் அறிவுக் குடும்பம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இரண்டாம் மாடியில் தன்னுடைய தியாகங்களைப் பற்றி. மூன்றாம் மாடியில் குரல் மங்கியது. யாரோ பழக்க தோஷத்தில் கைதட்டினார்கள். வேதியியல் அம்மாள் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

கீழே தண்ணீர் மாற்றும் ஊழியர் தம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு தயங்கி நின்றார். "நான் நாளைக்கும் வரணுமா மேடம், வேண்டாமா?"

"வாங்க. இங்க எடை போடுறதுக்குக் கை நடுங்காத ஒரு ஆள் வேணும்."

அவர் தம்ளரிலிருந்த தண்ணீரைக் குடித்தார்.

சுமை தூக்குபவர்கள் இறங்கி வந்து கருங்கல் பலகையைத் தரையில் பதித்தார்கள். மெத்தையைப் பிரித்தார்கள். தராசு மண்டியிட்டு இழையைப் பார்த்தாள், அறுந்திருக்கவில்லை. விளக்கை ஏற்றினாள். ஒளிக்கோடு சுவரில் வந்து விழுந்து, இங்குமங்கும் ஆடி, ஆட்டம் குறைந்து, பூஜ்யத்தில் நின்றது. அவள் ஊசி முனையால் ஒரு துகளை வைத்தாள். கூடத்தில் நின்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கோடு மெல்ல நகர்ந்து, இருபத்தெட்டுக்கும் இருபத்தொன்பதுக்கும் நடுவில் போய் நின்றது. தராசு நோட்டைத் திறந்து தேதி போட்டு எண்ணை எழுதினாள். பக்கத்தில் தன் பெயரையும் எழுதினாள்.

அந்த நேரத்தில் நான்காவது மாடியில் இயக்குநர் தரையை ஓங்கி ஓங்கி உதைத்துக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னார்கள். கருவியில் அது பதிவாகவில்லை.